மீதி மூணு பேரு

விருதுநகர் மாவட்டம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு சிவகாசிப் பட்டாசு. எங்களுக்கு பிளஸ் டூ ரிசல்ட். 2017, 2018 இரண்டு வருஷமும் மாநிலத்தில் முதலிடம். 2018-ல் தேர்ச்சி 97 சதவீதம். சந்தோஷம்தான். ஆனா நூத்துக்கு 97 பேர் பாஸாகிற ஊர்ல மீதி மூணு பேர் தெருவுல எப்படி நடப்பாங்க? பட்டாசு ஆலைக் கூலியில் அப்பா அம்மா படிக்கவைத்த பிள்ளைக்கு அந்தக் கேள்வி இன்னும் கனம்.

அந்த மூணு பேருக்காக யோசித்தவர்களில் முக்கியமானவர் சென்னை மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார். 1986-ல் 'ஸ்நேகா' தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கியவர். அங்கே போன் எடுக்கும் தன்னார்வலர்கள் உபதேசம் பண்றதில்லை. காது கொடுத்துக் கேட்பாங்க. எனக்கு அதைவிடப் பெரிசாகத் தெரிவது வேறொன்று. முன்பெல்லாம் ஃபெயிலானால் செப்டம்பர், அக்டோபர் வரை காத்திருக்கணும், அதற்குள் கல்லூரி சேர்க்கை முடிஞ்சிடும், ஒரு வருஷம் போச்சு. ரிசல்ட் வந்த கொஞ்ச நாளிலேயே மறுதேர்வு வைக்கச் சொல்லி ஸ்நேகா அரசிடம் வலியுறுத்தியது. 2000களின் தொடக்கத்தில் அது நடைமுறைக்கு வந்தது.

கேட்க நிர்வாக மாற்றம் மாதிரி இருக்கும். சாகணும் என்கிற எண்ணம் பெரும்பாலும் அலை மாதிரி, கொஞ்ச நேரம் உச்சத்தில் நின்று இறங்கும். 'எல்லாம் முடிஞ்சது' என்று நினைக்கும் அந்த நேரத்தில் கையில் அடுத்த பரீட்சைத் தேதி இருப்பது ஒரு பிடிமானம்.

துணைத்தேர்வுக்குப் பள்ளியிலேயே விண்ணப்பிக்கலாம். பேச ஆள் வேணும்னா 104 அல்லது 14416, ராத்திரியிலும் எடுப்பாங்க.