கரிசல் மண்ணும் சாயத் தண்ணீரும்

ஐப்பசி மழையில் கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டில் நடந்தவர்களுக்குத் தெரியும். பத்தடி வைப்பதற்குள் செருப்பில் மண் அப்பி, காலைத் தூக்கவே முடியாது. கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். அதே காடு சித்திரையில் கை நுழைகிற அளவுக்குப் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். நனைந்தால் உப்புவதும் காய்ந்தால் பிளப்பதும் அந்த மண்ணில் இருக்கும் ஒரு களிமண் கனிமத்தின் குணம். பிரான்சில் மோன்மொரியோன் என்ற ஊரை ஒட்டிக் கண்டறிந்ததால் அதற்கு மோன்மொரிலோனைட் என்று பெயர். எர்த் குழியில் எலக்ட்ரீஷியன் மூட்டை பிரித்துக் கொட்டுகிறாரே பெண்டோனைட் பொடி, அதிலும் பெரும்பங்கு இதுதான். கட்ச்சிலும் ராஜஸ்தானிலும் வெட்டி எடுக்கிறார்கள்.

இந்த மண்ணைப் பக்குவப்படுத்திச் சாயக்கழிவு நீரைச் சுத்தம் செய்யலாம் என்று பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் பல வருடங்களாகச் சொல்லிவருகின்றன. பானையின் உட்புறம் தேற்றாங்கொட்டையை இழைத்துத் தண்ணீரிலிருந்து மண்ணைப் பிரித்தவர்கள் நாம். தண்ணீர் தெளிய மண்ணைப் போடு என்றால் சிரிப்பு வரத்தான் செய்யும். எனக்கும் வந்தது. அதனால் செய்தே பார்த்துவிட்டேன்.

இரண்டு கண்ணாடி டம்ளர். ஒன்றில் மீன்தொட்டிக் கடையில் விற்கும் மெத்திலீன் ப்ளூ சில சொட்டு. இன்னொன்றில் பருத்தித் துணிக்குப் போடும் ரியாக்டிவ் சிவப்புச் சாயம் ஒரு சிட்டிகை. கூடவே சாயப்பட்டறைக் கணக்குப்படி இரண்டு டீஸ்பூன் உப்பு, கொஞ்சம் வாஷிங் சோடா. இரண்டிலும் கரிசல் மண்ணைக் கரைத்து விட்டுத் தூங்கப் போனேன். காலையில் நீலம் முழுக்க அடிமண்ணில் இறங்கியிருந்தது. சிவப்பு டம்ளரில் மண் அடியில், தண்ணீர் மேலே, நேற்றுப் பார்த்த அதே சிவப்பு.

காரணம் மின்னூட்டம். களிமண்ணின் உள்கட்டமைப்பு ஓலைச்சுவடிக் கட்டு மாதிரி. ஏட்டின் மேல் ஏடாக, ஒவ்வொன்றும் ஒரு நானோமீட்டர் கனம். ஏடுகளில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் நேர்மின்னூட்டம் கொண்ட மெத்திலீன் ப்ளூ போய் ஒட்டிக்கொள்கிறது. ரியாக்டிவ் சாயமோ தானும் எதிர்மின்னூட்டம் கொண்டது. மண் அதைத் தள்ளிவிடுகிறது. ஆய்வுக் கட்டுரைகளில் மெத்திலீன் ப்ளூவை வைத்து வெற்றி அறிவிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும். திருப்பூர் பனியனுக்கு அந்தச் சாயத்தை யாரும் போடுவதில்லை.

மண்ணை மாற்றியமைக்கும் வேலை இங்கேதான் தொடங்குகிறது. 13 அலுமினியம் அணுக்கள் சேர்ந்த ஒரு கொத்தைக் கரைசலில் உருவாக்கி, ஏடுகளுக்கு நடுவே நுழைத்து, 400, 500 டிகிரியில் சுடுகிறார்கள். அந்தக் கொத்துகள் ஆக்சைடு தூண்களாக இறுகி முட்டுக் கொடுத்து நின்றுவிடும். அதற்கப்புறம் மண் சுருங்காது. ஏடுகளுக்கு நடுவே ஒரு நானோமீட்டருக்குச் சற்றுக் குறைவான இடைவெளி நிலைத்துவிடும். சாய மூலக்கூறு பெரிதாக இருந்தால் உள்ளே நுழைய முடியாமல் வெளிப்பரப்போடு நின்றுவிடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1970களில் எண்ணெய் நெருக்கடி வந்தபோது, கனமான கச்சா எண்ணெயை உடைக்கத்தான் இந்தத் தூண் வைத்த மண்ணைத் தேடி ஓடினார்கள். அங்கே அது எடுபடவில்லை. தண்ணீர்ப் பக்கம் வந்தது பிறகுதான்.

தூணில் அலுமினியத்தோடு இரும்பையும் ஏற்றினால் மண் வினையூக்கியாகிவிடும். இரும்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்தால் எதையும் கடித்துக் குதறும் ஹைட்ராக்சில் என்ற துகள் பிறக்கிறது. ஆயுள் நானோ விநாடிக் கணக்குதான். அதற்குள் பக்கத்தில் இருக்கும் சாய மூலக்கூறை உடைத்துவிடும். இந்த வினையை 1894இல் எழுதிவைத்தவர் ஹென்றி ஃபென்டன். பெராக்சைடுக்குப் பட்டறைக்காரர் எங்கும் அலைய வேண்டாம், பிளீச்சிங்குக்கென்று கேன் கேனாக அடுக்கியே வைத்திருப்பார்.

இரும்பு உப்பை நேரடியாகத் தண்ணீரில் கொட்டினாலும் இது நடக்கும். ஆனால் தண்ணீரை அமிலமாக்கி பி.எச். 3க்கு இறக்க வேண்டும். வேலை முடிந்து பி.எச்.சை ஏற்றினால் இரும்பெல்லாம் செந்நிறச் சேறாகப் படியும். பெர்ரஸ் சல்பேட்டும் சுண்ணாம்பும் போட்டுச் சுத்திகரித்த காலத்து ஸ்லட்ஜ் மூட்டைகளை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தவித்தவர்களுக்குச் சேறு என்ற சொல்லே போதும். மண்ணில் ஏற்றிய இரும்பு பெருமளவு மண்ணிலேயே இருக்கிறது. குருணையாகப் பிடித்து வைத்தால் வடிகட்டி எடுத்து மறுபடி போடலாம். பொடியாகவே விட்டால் தண்ணீரோடு போய்விடும்.

தொல்லைகளும் உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் மண்ணிலிருந்து கொஞ்சம் இரும்பு கசியும். சாயத் தொட்டியில் போட்ட சோடாவின் கார்பனேட்டும் உப்பின் குளோரைடும் சாயத்துக்கு முன்னால் ஹைட்ராக்சிலைத் தின்றுவிடும். காய்ச்சி வடித்த நீரில் சாயத்தைக் கரைத்துச் சோதித்த ஆய்வுக்கும் பட்டறைக் கால்வாய்க்கும் உள்ள தூரம் இதுதான். நிறம் போனால் விஷம் போயிற்று என்றும் சொல்ல முடியாது. அசோ என்ற வகைச் சாயங்கள் பாதியில் உடைந்தால் நிறமே இல்லாத துண்டுகள் மிஞ்சும், அவற்றில் சில சாயத்தைவிட மோசமானவை. அதனால் நிறத்தோடு நிற்காமல் கரிமம் மொத்தம் எவ்வளவு மிச்சம் என்று அளந்தாக வேண்டும்.

இத்தனையும் சரியாக அமைந்தாலும் உப்பு அப்படியே இருக்கும். எந்த வினையூக்கியும் சோடியத்தை உடைக்காது. அடர் நிறத்துக்கு லிட்டருக்கு 60, 80 கிராம் என்று உப்பைக் கொட்டுகிற தொழில் இது. நொய்யலின் குறுக்கே 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் பாசன நீருக்குப் பதிலாகச் சாயக்கழிவு தேங்கியபோது, கீழே இருந்த விவசாயிகளின் கிணறுகளையும் நிலத்தையும் கெடுத்ததில் பெரும்பங்கு உப்புக்குத்தான். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் 700க்கும் மேற்பட்ட திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, ஒரு சொட்டும் வெளியேறாத முறைக்கு வராமல் தொழில் நடத்த முடியாது என்றாயிற்று. இன்று ஆர்.ஓ. சவ்வும் ஆவியாக்கும் இயந்திரமும் உப்பைப் பிரிக்கின்றன. சவ்வை அடைப்பவற்றில் சாய மிச்சங்களும் உண்டு. களிமண்ணுக்கு வேலை இருக்குமானால் அந்தச் சவ்வுக்கு முன்னால் உள்ள தொட்டியில்தான் என்று எனக்குப் படுகிறது.

சிவப்பு டம்ளரை மொட்டை மாடியில் வைத்து மறந்துவிட்டேன். சில வாரம் கழித்துப் பார்த்தால் தண்ணீரெல்லாம் வற்றி, விளிம்பைச் சுற்றி ரோஸ் நிறத்தில் உப்புப் பொரிந்திருந்தது. இரும்பேற்றிய மண்ணும் பெராக்சைடும் என் கையில் இருந்திருந்தால் அது வெள்ளை உப்பாக இருந்திருக்கலாம்.