காணலும் காட்டலும்

ஆங்கிலத்திலே 'ஷோ' என்னுஞ் சொல்லை அறியாதார் மிகச் சிலரே. வழி காட்டுதல், படம் காட்டுதல், அன்பைப் புலப்படுத்தல் ஆகிய யாவும் அச்சொல்லால் உணர்த்தப்படும். பெயர்ச்சொல்லாகுங்கால் அது பொருட்காட்சியையும் நாடகம், திரைப்படம் முதலியவற்றையும் குறிக்கும்.

ஆயின், அச்சொல்லின் பழம்பொருள் காட்டுதல் அன்று, பார்த்தலேயாம். பழைய ஆங்கிலத்தில் 'ஷேயாவியன்' என வழங்கிய வினை உற்று நோக்குதலைக் குறித்தது. அதன் இனச்சொல்லாகிய ஜேர்மன் மொழியின் 'ஷௌவன்' இன்றும் பார்த்தல் என்றே பொருள்படும். ஆங்கிலத்தில் மட்டும் 1200ஆம் ஆண்டளவிற் பொருள் புரண்டது. காண்பவன் செயலைக் குறித்த சொல், காணச் செய்பவன் செயலைக் குறிக்கலாயிற்று. தமிழோ 'காண்' என்பதினின்று 'காட்டு' என வேறொரு வடிவம் ஆக்கி, இரு பொருளையும் பிரித்தே வைத்தது.

துப்புரவுத் தொழிலாளரைக் குறித்த 'ஸ்கவெஞ்சர்' என்னும் சொல்லும் இக்குடியினதே. முற்காலத்து இலண்டனில் அயல் வணிகர் விற்பனைக்குக் காட்டிய பண்டங்களுக்கு வரி உண்டு. அவ்வரியைத் தண்டிய அலுவலர்க்கே அப்பெயர் முதலில் வழங்கியது. பின்னர் வீதித் துப்புரவும் அவர் பொறுப்பாகவே, பெயரும் அத்தொழிலோடு ஒட்டிக்கொண்டது.

இன்னொரு பொருளையும் மாணவர் மறத்தலாகாது. ஒருவர் துயரத்தை 'ஷோ' செய்தார் எனின், உள்ளத் துயர் வெளிப்பட்டது என்பதே பொதுவான கருத்து. துயரத்தை ஒரு 'ஷோ' ஆக்கினார் எனின், அது வெறும் நடிப்பு. வினையைப் பெயராக மாற்றிய அளவில் மெய் பொய்யாகிவிடுகின்றது. அகராதியின் முதற்பொருளோடு நின்றுவிடுபவர் இவ்விடத்திலேதான் இடறுவர்.