எலும்புப் பிடிக் கத்தி

நெமிலிப் பக்கத்துப் பழைய வீடுகளில் தாத்தாவின் கணக்குப் பெட்டியைத் துழாவினால், தஸ்தாவேஜுக் கட்டுகளுக்கு அடியில் எலும்புப் பிடி போட்ட மடக்குக் கத்தி ஒன்று அகப்படக்கூடும். இறகுப் பேனாவைச் சீவப் பிறந்ததால் அதற்குப் பேனாக் கத்தி என்று பெயர். இறகு போயிற்று, பெயர் நின்றுவிட்டது. பழைய சாமான்காரரிடம் போடுமுன் நேயர்கள் அதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். சேகரிப்பவர்களுக்கு அது ஒரு சரித்திர ஏடு.

அலகைத் திறந்து அடிப்பாகத்தைப் பாருங்கள். நட்சத்திரமும் சிலுவையும் பொறித்திருந்தால், அது இங்கிலாந்தில் ஷெபீல்டு நகரத்து ஜோஸப் ராஜர்ஸ் கம்பெனியின் முத்திரை. கிரீடத்தின் இரு புறமும் வி, ஆர் என்ற இங்கிலீஷ் எழுத்துக்கள் இருந்தால் விக்டோரியா ராணியின் காலம். அதாவது 1901-க்கு முந்தியது. அலகில் துரு இருக்கிறதே என்று வருந்த வேண்டாம். துருவேறாத எஃகை ஹாரி பிரியர்லி அதே ஷெபீல்டில் கண்டது 1913-ல்தான்.

பிறகு பிடி. அசல் எலும்பில் நுண்ணிய கோடுகளும் புள்ளிகளும் தெரியும். அவை ஒரு காலத்தில் ரத்தம் ஓடிய வழிகள். செல்லுலாயிட் போலியில் அவை இரா; அதை அழுத்தித் தேய்த்தால் கற்பூர வாசனை வீசும். மான்கொம்பும் தந்தமும் வேறு விஷயம். அவற்றின் வியாபாரம் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தால் தடுக்கப்பட்டது; ஆகவே ஜாக்கிரதை!

அந்தக் கொம்பு ஷெபீல்டுக்குப் போனது நம் தேசத்துக் காடுகளிலிருந்துதான். 1830-ல் ஹீத் என்பவர் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கியபின், நம் இரும்பும் அந்நகருக்குக் கப்பலேறியது. நம் பொருள் போய், சீமைச் சரக்கு என்ற பட்டத்துடன் திரும்பி வந்தது. ஆயினும் நம்மவர் கை ஓய்ந்துவிடவில்லை. வங்காளத்தில் பர்த்வானை அடுத்த காஞ்சன் நகரத்துப் பிரேம்சந்து மிஸ்திரியின் கத்திகள் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலேயே பிரசித்தி பெற்றவை. அத்தகைய ஸ்வதேசிக் கத்தி கிடைத்தால் ராஜர்ஸைவிட மேலாகப் போற்ற வேண்டும்.

காப்பாற்றும் முறையும் உண்டு. ராணிப்பேட்டையும் ஆம்பூரும் அருகில் இருக்க, அழகான தோலுறை தைத்துக்கொள்ளத் தோன்றும். அது கூடாது. ஆவாரம்பட்டையின் துவர்ப்பு எஃகைக் கறுக்கச் செய்யும். தோல் ஈரத்தை இழுக்கும். உள்ளே இருக்கும் பித்தளைத் தகட்டில் பச்சைக் களிம்பு ஏறும். அலகுக்கு மட்டும் துளி எண்ணெய் தடவி, உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி வைத்தால் போதும். எலும்பைத் தண்ணீரில் ஊறவைக்கலாகாது; வெயிலில் காயவைத்தால் வெடிக்கும்.

முக்கியமாக, சாணைக்குக் கொடுக்காதீர்கள். பளபளப்பு வரும், முத்திரை தேய்ந்துவிடும். பிறகு அது எந்த ஊர்க் கத்தி, எந்தக் காலத்துக் கத்தி என்று எவராலும் சொல்ல இயலாது.