இதுல எதைப் பாக்கணும், தம்பி?

ஊட்டியில் உறைபனி என்று பேப்பரில் போட்டோ பார்த்த அன்றே முடிவு பண்ணிவிட்டேன். போயே தீருவது! கையில் செகண்ட்ஹேண்டில் வாங்கிய டிஎஸ்எல்ஆர் கேமரா. இன்னும் ஏழு தவணை பாக்கி. மேனேஜரிடம் 'பாட்டிக்கு சீரியஸ்' என்று சொல்லி ரெண்டு நாள் லீவ் வாங்கினேன். (பாட்டி காலமாகி ஆறு வருஷமாகிறது. மன்னித்துவிடுவாள்.)

நீலகிரி எக்ஸ்பிரஸ், மேட்டுப்பாளையம், அங்கிருந்து பஸ். மறுநாள் விடிகாலை தலைக்குந்தாவில் மங்கி குல்லாவும் கடன் வாங்கிய ஜெர்கினுமாகப் போய் நின்றேன். புல்வெளி பூரா கல் உப்பைக் கொட்டிப் பரப்பியது மாதிரி வெள்ளை. பல் தந்தியடிக்க, சுட்டேன்... சுட்டேன்... சுட்டுக்கொண்டே இருந்தேன். மொத்தம் 214 படம்.

திருவல்லிக்கேணியில் எங்கள் மேன்ஷனுக்குக் கீழே அண்ணாச்சி ஸ்டூடியோ. முப்பது வருஷமாக பாஸ்போர்ட் சைஸ் எடுக்கிறவர். கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தார். நாற்பதாவது படத்தில் நிறுத்தினார்.

"வெள்ளையா இருக்கு. சரி. இதுல எதைப் பாக்கணும், தம்பி?"

"பனியைத்தான் அண்ணாச்சி..."

"பனிதான் எல்லா இடத்துலயும் கெடக்கே. கண்ணு எங்கன போயி உக்காரும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இன்னும் உற்றுப் பார்த்ததில் அது வெள்ளைகூட இல்லை. அழுக்கு வேட்டி கலர். கேமராவுக்கு எல்லாவற்றையும் நடுத்தர சாம்பல் நிறமாகக் கருதியே பழக்கம்; படம் பூரா வெள்ளையாக இருந்தால், 'வெளிச்சம் ஜாஸ்தி போலிருக்கு' என்று தானே குறைத்துவிடும். பனியை எடுக்கும்போது வெளிச்சத்தை ப்ளஸ் பக்கம் முக்கால் அல்லது ஒரு ஸ்டாப் தள்ளி வைக்கணுமாம். ஒரு பட்டன் சமாசாரம். அது தெரியாமல் 214!

இன்னொரு அசிங்கம். முப்பது படங்களில் கீழே குரங்கு மாதிரி ஒரு நிழல். அது நான்தான்! சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு எடுத்தால் வேறென்ன விழும்? மற்ற பத்து இருபதில் என் செருப்புத் தடம். படம் எடுக்கிறதுக்கு முன்னாலேயே புல்லை மிதித்துத் துவம்சம் பண்ணியிருக்கிறேன்.

அண்ணாச்சி எழுந்து போய் சுவரிலிருந்த ஃபிரேமைக் கழற்றிக்கொண்டு வந்தார். எந்தக் காலத்திலோ கிடைத்த காலண்டர் தாள். பீட்டர் புரூகல் என்கிற ஓவியர் 1565-ல் வரைந்த 'பனியில் வேட்டைக்காரர்கள்'. அசல் வியன்னா மியூசியத்தில் இருக்கிறது.

பார்த்தால், படத்தில் பாதிக்கு மேல் பனிதான். ஆனால் இடது ஓரத்தில், பக்கத்திலேயே, கறுப்பாக மூணு வேட்டைக்காரர்கள் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகிறார்கள். காலடியில் நாய்க் கூட்டம். அவர்களை ஒட்டி இலை உதிர்ந்த மரங்கள் வரிசையாகச் சரிவில் இறங்குகின்றன. அந்த வரிசையோடு நம் கண்ணும் இறங்குகிறது. கீழே உறைந்துபோன குளம். அதில் எறும்பு எறும்பாக ஜனங்கள் சறுக்கி விளையாடுகிறார்கள். அப்புறம்தான் தூரத்து மலை. ஒரு வேட்டைக்காரன் தோளில் ஈட்டி, அதில் ஒரே ஒரு நரி. நாள் பூரா அலைந்து அவ்வளவுதான் கிடைத்திருக்கிறது, பாவம்!

"கிட்டக்க ஒண்ணு, நடுவுல ஒண்ணு, தூரத்துல ஒண்ணு. அதுல கிட்டக்க இருக்கது கறுப்பு. அதனாலதாம்ல வெள்ளை வெள்ளையா தெரியுது," என்றார். எனக்கு 'தம்பி' போய் 'ல' வந்தது அன்றைக்குத்தான். பதவி உயர்வாகவே எடுத்துக்கொண்டேன்.

அடுத்த ஜனவரியில் மறுபடி கிளம்பினேன். இந்த முறை மேனேஜரிடம் நிஜத்தையே சொன்னேன். "போட்டோ எடுக்கவா லீவு?" என்று மேலும் கீழும் பார்த்தார். பாட்டிக்கு இருந்த மரியாதை போட்டோவுக்கு இல்லை ஸார். ஆனாலும் கொடுத்தார்.

இந்தத் தடவை கொஞ்சம் படித்துவிட்டுப் போனேன். மேகமும் காற்றும் இல்லாத ராத்திரியில்தான் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிட்டுச் சில்லிட்டுப் போகும். குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர் மாதிரி சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். ஆகவே பனி கெட்டியாக விழுவது பள்ளத்தாக்கில். உயரமான தொட்டபெட்டாவுக்கு ஓடுகிறவர்கள் ஓடட்டும் என்று முத்தோரை பாலாடா பக்கம், காய்கறித் தோட்டங்களுக்கு நடுவே போய் இறங்கினேன். ஸ்பேர் பேட்டரி சட்டைக்குள் பத்திரமாக, நெஞ்சோடு. குளிரில் பேட்டரி சீக்கிரம் உயிரை விடும்.

விடிவதற்கு முன்னால் எல்லாம் தட்டையாக, நீலமாகக் கிடந்தது. எடுக்கவில்லை. நடந்து பார்த்தேன். சூரியன் எந்த மேட்டுக்கு மேலே வரும் என்று விசாரித்துக்கொண்டு, வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிற மாதிரி வரப்பு ஓரமாக முட்டி போட்டேன். நின்றுகொண்டு எடுத்தால் தோட்டம் வெறும் பாய் விரித்தது போலத்தான் தெரிகிறது; குனிந்தால் பக்கத்து இலையின் விளிம்பில் கோத்த பனிகூட உப்புப் பரல் மாதிரி எழுந்து நிற்கிறது. பாத்திக் கோடுகள் தாமாகவே கண்ணைத் தூரத்து மரத்துக்கு இழுத்துக்கொண்டு போயின. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. அதனால் அதை மேலே ஒரு கீற்று மட்டும் விட்டு, மிச்சத்தை வெட்டினேன்.

எல்லாம் இருந்தது. கறுப்பாக ஒன்று மட்டும் இல்லை.

அப்போதுதான் ஒரு பெரியவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, ஹோஸை இழுத்துக்கொண்டு பாத்திக்குள் இறங்கினார். உருளைக்கிழங்குச் செடி மேலே தண்ணீரைப் பீய்ச்ச ஆரம்பித்தார். என் வெள்ளையெல்லாம் கரைகிறது!

"ஐயா... ஐயா! ஒரு அஞ்சு நிமிஷம் பொறுக்க முடியுமா? போட்டோ..."

அவர் கோபப்படவில்லை. "வெயில் ஏறுறதுக்குள்ள இதைக் கழுவி விடணும் தம்பி. இல்லேன்னா மத்தியானத்துக்குள்ள இலையெல்லாம் கருகிடும். நாலு மாசப் பாடு," என்றார்.

வாயை மூடிக்கொண்டேன். தவணை கட்டி, லீவு போட்டு, நான் அழகு என்று தேடி வந்தது அவர் வயிற்றில் அடிக்கிற சமாசாரம் என்று மண்டையில் ஏறவே ரெண்டு நிமிஷம் ஆனது.

"நீங்க வேலையைப் பாருங்க ஐயா. உங்களை எடுத்துக்கலாமா?" என்று கேட்டேன். சிரித்தார். அதற்குள் மேட்டு விளிம்பில் வெயில் எட்டிப் பார்த்துவிட்டது. முதுகைக் காட்டிக்கொண்டு, கறுப்பாக, இடது ஓரத்தில் அவர். ஹோஸிலிருந்து கிளம்பிய தண்ணீர் வெயிலில் வெள்ளிக்கம்பி மாதிரி. அவருக்கு முன்னால் பாத்தி பாத்தியாக இன்னும் கழுவாத வெள்ளை. பத்து நிமிஷம்தான். ஏழு படம் எடுத்தேன். அப்புறம் கேமராவை மூடி வைத்துவிட்டு, ஹோஸ் செடியில் சிக்காமல் பின்னாலிருந்து தூக்கிப் பிடித்தேன். விரலெல்லாம் மரத்துப்போனது.

லாட்ஜுக்கு வந்ததும் கேமராவை ஒரு பிளாஸ்டிக் கவரில் கட்டி ஒரு மணி நேரம் அப்படியே வைத்தேன். குளிரிலிருந்து வெதுவெதுப்பான ரூமுக்குள் சட்டென்று கொண்டுவந்தால் லென்ஸில் வியர்த்துக்கொள்ளும்.

சென்னைக்குத் திரும்பி, அந்த ஏழையும் அண்ணாச்சியிடம் காட்டினேன். நாலாவதில் நிறுத்தினார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

"யாரு இவரு?"

சொன்னேன்.

"செடி பொழைச்சுதா?"

அது எனக்குத் தெரியாது. பிரிண்ட் அனுப்ப அவர் நம்பர் வாங்கி வைத்திருந்தேன். அங்கேயே நின்று போன் போட்டேன். மேல் பாத்தி தப்பித்துவிட்டதாம். கீழே பள்ளத்தை ஒட்டி நாலு பாத்தி, தண்ணீர் போய்ச் சேர்வதற்குள் கருகிவிட்டதாம். "போட்டோ வந்ததும் அனுப்புங்க தம்பி, வீட்ல பாக்கணும்னு சொல்றாங்க," என்றார்.

அண்ணாச்சி பெரிய சைஸில் ரெண்டு பிரிண்ட் போட்டார். ஒன்று முத்தோரைக்கு. காசு வாங்கவில்லை.