பேச்சு தாமதமா? நாக்கையும் பார்ப்பார்கள்

திருவனந்தபுரம்: பிள்ளை பேசத் தாமதித்தால் வசம்பை இழைத்து நாக்கில் தடவுவது நம் வீடுகளில் பழைய வழக்கம். டாக்டர்கள் அதை விரும்புவதில்லை. "வீட்டில் தமிழ், வெளியே மலையாளம்; குழந்தை குழம்பிவிட்டது" என்ற சமாதானமும் சாலைக் கடைத்தெருவில் கேட்கும். இரு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு கெடுவதில்லை. காத்திருப்பதில் வீணாவது காலம்தான். இரண்டு வயதில் இரு சொல் சேர்த்துப் பேசாவிட்டாலே காட்டிவிடலாம்.

1997-ல் தொடங்கப்பட்ட 'நிஷ்' எனும் பேச்சு, செவிப்புலன் நிலையம் ஆக்குளத்தில் இதற்கென்றே இருக்கிறது. இந்நகரில் உருவான 'லெஸ்ட்' அளவுகோலில் மூன்று வயது வரைக்கும் 33 அம்சங்கள். வயதுக்குத் தக்க பேச்சு இருக்கிறதா என்று அது காட்டும்.

ஏன் பேசவில்லை என்பது வேறு சோதனை. முதலில் காது. பிறகு வாய்: உதடு குவிகிறதா, நாக்கு இருபுறமும் திரும்புகிறதா, ஊதத் தெரிகிறதா, எச்சில் வழிகிறதா? சற்று வளர்ந்த பிள்ளையானால் "ப, த, க" என்று விடாமல் சொல்லச் செய்வார்கள். தசை பலவீனமென்றால் பேச்சு எப்போதும் குழறும். தசை நன்றாயிருந்தும் மூளை அசைவுகளை வரிசைப்படுத்தத் தடுமாறினால், ஒரே சொல் வேளைக்கொரு விதமாக வரும்: 'தண்ணி' ஒருமுறை 'தன்னி', அடுத்தமுறை 'நட்டி'. இதற்கு அடிக்கடி பயிற்சி வேண்டும், மருந்து கிடையாது.

பெற்றோர் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நெல்லைப் பக்கத்து வீட்டில் அப்பாவே 'வாளப்பளம்' என்பார். பிள்ளையும் அப்படிச் சொன்னால் குறையல்ல. மலையாளத்தில் சோதிப்பவருக்கு இது தெரிய வேண்டுமே! வீட்டில் புழங்கும் சொற்களை எழுதி எடுத்துப்போவது நல்லது.