மறைக்க வேண்டியது எது?

குற்றாலத்திற்கு வருவோர் எவரும் பேரருவியில் நீராடலாம். மலைமேலுள்ள செண்பகாதேவி அருவிக்குச் செல்ல வனத்துறையின் இசைவு வேண்டும். அதற்கும் மேலுள்ள தேனருவிக்குப் பொதுமக்கள் செல்லத் தடையுண்டு. மூன்றிலும் விழுவது சிற்றாற்று நீரே. நேரக்கூடிய தீங்கின் அளவே வேறு. அலுவலகக் கோப்புகளைத் தரம் பிரிப்பதும் இத்தகையதே.

குற்றாலத்தை அடுத்த மத்தளம்பாறையில் சோகோ நிறுவனம் அலுவலகம் திறந்தது. அந்நிறுவனத்தின் 'வொர்க்டிரைவ்' போன்ற பொதுப் பணிக்களங்களில், ஒரு குழுவினர் அனைவரும் தத்தம் கணிப்பொறியில் ஒரே கோப்புறையைத் திறக்கலாம். முன்னாளில் இரும்புப் பெட்டியும் சாவியும் காவல் புரிந்தன. இங்கோ, கோப்பின்மேல் இடும் அடையாளமும், யார் காணலாம், யார் திருத்தலாம் என்னும் வரையறையுமே காவல்.

நான் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில் ஊதியப் பட்டியலும் விழா அழைப்பிதழும் ஒரே கோப்புறையில் கிடந்தன. அழைப்பிதழைத் தேடிய இளைஞர் பட்டியலைக் கண்டுவிட்டார். மாலைக்குள் பல நட்புகள் கசந்தன. அஞ்சிய மேலாளர், மறுவாரமே எல்லாக் கோப்புகளுக்கும் 'இரகசியம்' என்று முத்திரையிட்டார். விடுமுறைப் பட்டியலைப் பார்க்கவும் அனுமதி கேட்க நேர்ந்தது. சலிப்புற்றோர் கடவுச்சொற்களைத் தமக்குள் பகிர்ந்துகொண்டனர். எல்லாம் இரகசியமானபோது எதுவுமே இரகசியமாக நிற்கவில்லை.

ஆகவே, கோப்பை எழுதுபவரே, எழுதும்போதே, ஒரு வினாவைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: இது வெளிப்பட்டால் யாருக்கு என்ன தீங்கு? தீங்கில்லையெனில் அது 'பொது'. நிறுவனத்திற்குள் மட்டும் வழங்க வேண்டியது 'உள்'. ஒருவருடைய ஆதார் எண், ஊதியம், நோய்க்குறிப்பு போன்றவை, நம் அரசு அலுவலகங்களில் வழங்கும் சொல்லால், 'மந்தணம்'. இவற்றைப் பணியின் பொருட்டுத் தேவைப்படுவோர் மட்டுமே காணலாம். முத்திரைக்குக் கால எல்லையும் வேண்டும். ஒப்பந்தப்புள்ளியில் குறித்த விலை, உறையைத் திறக்கும் நாள்வரை மந்தணம்; அதன்பின் அதனை மறைத்தால் ஐயமே வளரும்.

சட்டமும் இவ்விரு பக்கங்களையும் நோக்குகிறது. அரசு அலுவலகங்களுக்கான 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு, மறைக்கத்தக்க பகுதியை நீக்கி எஞ்சியதைத் தர வழிசெய்கிறது. ஒரு வரிக்காக ஏடு முழுவதையும் பூட்ட வேண்டுவதில்லை. தனிமனிதர் தரவுகளைக் காக்க 2023-இல் இயற்றப்பெற்ற சட்டமோ, பாதுகாப்பில் தவறுவோருக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க வகைசெய்துள்ளது.

தண்டத்திற்கு அஞ்சிக் காப்பது ஒரு முறை. அவ்வேட்டில் பெயர் உள்ள மனிதரை எண்ணிக் காப்பது அதனினும் நன்று. நாளைக் காலை உங்கள் பொதுக் கோப்புறையை ஒருமுறை திறந்து பாருங்கள். அழைப்பிதழுக்கு அருகில் எவருடைய ஊதியமேனும் கிடக்கலாம்.