எந்த ஊரில் நிறம் மாறலாம்?

நீங்கள் இணையத்தில் பார்க்கும் படமும் கேட்கும் பாட்டும் ஊர்விட்டு ஊர் போவது கண்ணாடி இழைக்குள் ஒளியாகத்தான். இழையில் ஒளி ஓடும் நடுப்பகுதியின் தடிமன் சுமார் 9 மைக்ரோமீட்டர்; தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. அதற்குள் ஒரே நேரத்தில் 80 ஒளிக்கற்றைகளைக்கூட அனுப்புகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் அலைநீளம் வேறு என்பதால் அவை குழம்புவதில்லை. எல்லாமே 1550 நானோமீட்டரை ஒட்டியவை. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒரு நானோமீட்டர்கூட வித்தியாசம் இருக்காது! இது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. ஆனாலும் எளிமைக்காக நிறம் என்றே சொல்லிக்கொள்வோம்.

கிளம்பிய நிறத்திலேயே ஒளி கடைசிவரை போக வேண்டும். அங்கேதான் சிக்கல். ஒரு ரயில் பயணத்தை நினைத்துப் பாருங்கள். சென்னையிலிருந்து மதுரை வரை 12ஆம் இருக்கை காலி. மதுரையிலிருந்து நாகர்கோவில் வரை 30ஆம் இருக்கை காலி. மதுரையில் இடம் மாறி உட்கார்ந்தால் ஊர் போய்ச் சேரலாம். மாற மாட்டேன் என்றால் பயணமே இல்லை. ஒளிக்கு இப்படி இடம் மாற்றித் தருவதுதான் அலைநீள மாற்றி. வந்த ஒளியை மின் துடிப்புகளாக மாற்றி, வேறு அலைநீள லேசர் வழியாக மீண்டும் ஒளியாக்கி அனுப்பும். விலையும் அதிகம், மின்சாரமும் இழுக்கும். எல்லா ஊரிலும் வைத்துவிட முடியாது. அப்படியானால் எங்கே வைப்பது?

ஒரு தாளில் அ, ஆ, இ என்று மூன்று ஊர்களை வட்டமாக வரைந்து கோட்டால் இணையுங்கள். மூன்று செய்திகள், எல்லாம் ஒரே திசையில். முதல் செய்தி அ-விலிருந்து ஆ வழியாக இ-க்கு. இரண்டாவது ஆ-விலிருந்து இ வழியாக அ-வுக்கு. மூன்றாவது இ-யிலிருந்து அ வழியாக ஆ-வுக்கு. ஒரு கோட்டில் ஒரே நிறம் இரண்டு முறை வரக்கூடாது. எண்ணிப் பாருங்கள், எந்தக் கோட்டிலும் இரண்டு செய்திகள்தான் போகின்றன. ஆனால் சிவப்பும் நீலமும் போதாது. எந்த இரண்டு செய்திகளை எடுத்தாலும் ஏதோ ஒரு கோட்டில் சேர்ந்தே போவதால் மூன்றாவது நிறம் தேவைப்படுகிறது.

இப்போது அ-வில் மட்டும் ஒரு மாற்றி வையுங்கள். முதல் செய்தி சிவப்பு, இரண்டாவது நீலம். மூன்றாவது, இ-யிலிருந்து அ வரை சிவப்பாக வந்து, அங்கே நீலமாக மாறி ஆ-வுக்குப் போகட்டும். இரண்டே நிறத்தில் வேலை முடிந்தது!

வட்டத்தில் எத்தனை ஊர்கள் இருந்தாலும் ஓர் ஊரில் மட்டும் மாற்றி இருந்தால், ஒரு கோட்டில் அதிகபட்சம் எத்தனை செய்திகளோ அத்தனை நிறங்களே போதும் என்று அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த கோர்டன் வில்ஃபாங், பீட்டர் விங்க்ளர் இருவரும் 1998இல் நிரூபித்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த நிரூபணம் இது. வட்டத்தை அந்த ஊரில் வெட்டி நேர்கோடாக நீட்டிவிட்டது போல ஆகிவிடுகிறது. நேர்கோட்டில் நிறச் சண்டையே வராது. குறுக்கும் நெடுக்கும் பின்னிய வலையமைப்புகளில்தான் கஷ்டம். மிகக் குறைந்த மாற்றிகளை எங்கெங்கே வைப்பது என்று வேகமாகக் கண்டுபிடிக்கும் பொதுவழி இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அடுத்து ஐந்து ஊர் வட்டம் போட்டு, கோட்டுக்கு இரண்டு செய்திக்கு மேல் வராமல் நீங்களே வழிகளை வரையுங்கள். மாற்றியை உங்களுக்குப் பிடித்த ஊரில் வைத்து, இரண்டே பென்சிலால் முடித்துக் காட்டுங்கள்.